மேசைக்கடியில் ஒரு கார் ஜாக்கி

தம்பி,

இன்று காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் பட்டறைக் கதவைத் திறந்து, உன் மேசையின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியை வலது கையால் சுற்றிப் பார்த்தேன். அது ஏற்றி இறக்கும் ஜாக்கியின் மேலே இப்போது மோட்டார்கூட இல்லை, வெறும் ஜாக்கிதான். பாதிச் சுற்றில் விரல்கள் வழுக்கிவிட்டன. துருவாக இருக்கும் என்று எண்ணெய் விட்டேன். மறுபடியும் வழுக்கியது. இடது கையால் சுற்றினேன், சுலபமாகச் சுற்றியது. துரு இல்லை.

ஒரு மாதமாக வகுப்பில் சாக்பீஸ் நழுவுகிறது. உனக்குத் திருப்புளி நழுவியது. அம்மாவுக்குச் செம்பு நழுவியபோது வாதம் என்று தைலம் தேய்த்தோம்.

உன் பிழைப்பு மரத்தில் பள்ளம் வெட்டும் அந்த ரூட்டர் மெஷினில் இருந்தது. பலகைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கும் மோட்டார், ஓட்டை வழியே மேலே எட்டிப் பார்க்கும் வெட்டுமுனை. மரச்சட்டத்தை அதன்மேல் தள்ளிக்கொண்டு போனால் கண்ணாடி உட்காரும் பள்ளம் விழும். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக் கடைகளில் தொங்கும் சாமி படங்களில் பாதி உன் சட்டத்துக்குள்தான் இருந்தன. பள்ளத்தின் ஆழத்தை மாற்ற வேண்டுமென்றால் மேசைக்கடியில் குந்தி, அந்தக் கனத்தை ஒரு கையில் தாங்கி, மறு கையால் இறுக்க வேண்டும். ஒருநாள் தாங்கிய கை விட்டுவிட்டது. மோட்டார் உன் முழங்காலில் விழுந்தது.

மதுரை டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. தசை மெலிகிற நோய், குடும்பத்தில் வருவது, நிறுத்த மருந்தில்லை, கூடப் பிறந்தவர்களும் வந்து காட்டினால் நல்லது என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் நீ சிரித்தாய்.

"யக்கா, நீயும் காட்டிரு. ரெண்டு பேரா போனா டாக்டர் சீட்டுக்குச் சலுகை குடுப்பாவ."

"வாயக் கழுவுலே."

மறு வாரமே எங்கிருந்தோ ஓர் அம்பாசிடர் காரின் ஜாக்கியை, கத்தரிபோல மடங்கி நிமிர்வதை, தூக்கி வந்தாய். "குனியும்போதுதான கையி விடுது? நின்னுக்கிட்டே ஏத்தி எறக்குனா?" நோயே குனிவதில்தான் இருக்கிறது என்பதுபோலச் சொன்னாய். படித்த நானும் நம்பினேன். நம்புவதற்கு வேறென்ன இருந்தது.

ஜாக்கியின்மேல் உட்கார்ந்த மோட்டார் ஆடாமல் நேராக ஏற இரண்டு இரும்புக் கம்பிகளைக் கடைந்து கொண்டுவந்தார் லேத் பட்டறை அண்ணன். ஜாக்கியைப் பார்த்துவிட்டு, "காருக்கடியில கெடந்த பய இப்ப மேசைக்கடியில. பதவி உயர்வுதான், டீச்சரம்மா" என்றார். முதல் சட்டத்தில் பள்ளம் சாய்வாக விழுந்தது. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் மோட்டார் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. அந்தப் பக்கத்தில் நீங்கள் இருவரும் ஒரு வாஷரைச் செருகினீர்கள். அதன் பிறகும் கைப்பிடி கனத்தது. ஜாக்கி மடங்கிக் கிடக்கும்போது சுற்றுவது கடினம், ஒரு சுற்றுக்கே எகிறும். நிமிர்ந்து நிற்கும்போது லேசாக, மெல்ல ஏறும். இதைக் கண்டுபிடித்தது நீதான். ஜாக்கி உட்காரும் பலகையை ஒரு சாண் கீழே இறக்கினாய், அது எப்போதும் நிமிர்ந்தே நிற்கும்படி.

"பாத்தியாக்கா! ஒத்த வெரலு!"

அன்று ஒரு சட்டமும் ஓடவில்லை. பொழுது சாயும்வரை ஏற்றினாய், இறக்கினாய். எனக்கும் சுற்றக் கொடுத்தாய். "எறக்கி நிப்பாட்டாத. கம்பியில ஒட்டிக்கிட்டு நிக்கும், ஓடும்போது அதிர்ந்து எறங்கிரும். நல்லா எறக்கிட்டு, பொறவு ஏத்தி நிப்பாட்டு." இன்றைக்கும் ஸ்டவ் திரியைக்கூட நான் அப்படித்தான் வைக்கிறேன். முழுக்க இறக்கிவிட்டு, ஏற்றி நிறுத்துகிறேன்.

பிறகு உன் கை தளரத் தளர மேசை மாறிக்கொண்டே வந்தது. சின்னக் கைப்பிடி போய் சைக்கிள் பெடல் வந்தது. பெடல் போய் நீளக் கம்பி வந்தது. கனத்தைத் தாங்க மோட்டாருக்கு அடியில் ஸ்பிரிங் வந்தது. ஆர்டர் நின்ற பிறகும் காலையில் எழுந்ததும் நீ பட்டறைக்குப் போனாய். வேலைக்கு அல்ல, சுற்றிப் பார்க்க. நீ வெளியே வரும் முகத்தை வைத்து அன்றைய காப்பியை எந்த நேரத்தில் கொடுக்கலாம் என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாய். "யக்கா, இன்னைக்கு நல்லாச் சுத்துது. கையி தேறுதுன்னு நெனைக்கேன்."

உள்ளே போய்ப் பார்த்தேன். மோட்டார் அலமாரியில் இருந்தது. முந்தின நாள் லேத் அண்ணனைக் கூப்பிட்டுக் கழற்றச் சொல்லியிருக்கிறாய். "செத்த நேரம் கனமில்லாம சுத்திப் பாக்கேன்னான் டீச்சரம்மா. எனக்கு மறுக்க வாய் வரல" என்றார் பிறகு.

நான் உன்னிடம் வந்து, "ஆமாலே, நல்லாத்தான் சுத்துது" என்றேன். நீ என்னைப் பார்க்காமல் காப்பியை வாங்கினாய். இரண்டு கைகளாலும்.

உன் நோயைவிட அந்தக் காலைகள்தான் உன்னைத் தின்றன என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. மாலையில் நீ சினிமாப் பாட்டு பாடினாய், பஜாரில் நடந்தாய், என் பரீட்சைத் தாள்களில் இருந்த உளறல்களைப் படித்துச் சிரித்தாய். விடிந்தால் அந்தக் கைப்பிடி. நீ போய்ச் சேர்ந்த பிறகு லேத் அண்ணன் இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டார், "அது எதுக்கு டீச்சரம்மா சும்மா கெடக்கு? கழத்திக் குடுங்க, எவனுக்காவது ஆகும்." ஒவ்வொரு தடவையும் முறைத்து அனுப்பினேன். உன்னுடையது என்று வைத்திருந்தேன். ஒரு மாதமாக அது என்னுடையதாகிவிட்டது. எட்டு மணி பஸ்ஸுக்கு முன்னால் ஒரு தடவை, சில நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஒரு தடவை.

நான் மதுரைக்குப் போகப் போவதில்லை. அங்கே சொல்லப் போவதை உன் பக்கத்தில் உட்கார்ந்து ஏற்கெனவே கேட்டுவிட்டேன். இன்று பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் லேத் பட்டறையில் இறங்கி, ஜாக்கி, கம்பி, கைப்பிடி எல்லாவற்றையும் இன்றைக்கே வந்து கழற்றிக்கொண்டு போகச் சொல்வேன். ஏன் என்று கேட்பார். இடத்தை அடைக்கிறது என்பேன். நாளை விடியும்போது என் கை எப்படியும் இருக்கட்டும். அதைச் சுற்றிப் பார்க்க இந்த வீட்டில் எதுவும் இருக்கக் கூடாது.