ஓடிபி நம்பரைச் சொன்னது நான்தான்

நவம்பர் 12, செவ்வாய்

இன்றைக்குப் பதுளைக்குப் போய் பேங்க் மெனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். எங்கள் மிளகாய் மில் கணக்கிலிருந்து லோன் புரோக்கர் சுருட்டிய ஆறு லட்சத்தை இனி பேங்க் தராது.

லோன் பாஸாக வேண்டும் என்று அவன் போனில் கேட்டபோது, வந்த ஓடிபி நம்பரை நானே வாசித்துக் கொடுத்தேன். முறைப்பாட்டில் அதை மறைத்தேன். பேங்கில் யாரோ விவரம் கொடுத்திருக்க வேண்டும் என்று எழுதினேன். அப்படி எழுதினால்தான் பணம் திரும்ப வரும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

பேங்கில் எங்கள் லோன் பாரத்தை வாங்கியது மேகலா, ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து படித்து வந்த பிள்ளை. என் முறைப்பாட்டால் மூன்று வாரமாக அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும்.

மெனேஜர் நான் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கினார். என் முன்னாலேயே மேகலாவுக்குப் போன் செய்து, நான் வந்து சொன்னதைச் சொல்லி, நாளைக்கு வேலைக்கு வரச் சொன்னார்.

வீட்டில் இவர், "அந்தப் புள்ளைக்கு வேலை கெடச்சிருச்சு. மில்ல மூடிட்டு நாம எங்க போறது?" என்றார். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் நடந்ததை இவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்ப ஹாலிஎல பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் நின்றேன். மெனேஜரின் போன் வந்ததும் கிளம்பி, மேகலா என்னைத் தேடி வந்தாள். நன்றி சொல்வாள் என்றுதான் நினைத்தேன்.

"மூணு வாரமா ஏன்க்கா சொல்லல?" என்று கேட்டாள். சத்தம்கூடப் போடவில்லை.

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.