பேர் சொல்லாத மன்றாட்டு

தவக்காலம், வெள்ளி இரவு

ஈஸ்டர் வரை கறி தொடமாட்டேன் என்று தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்தில் சவடால் விட்ட நான், அய்யலூர் சந்தைக்குப் போன இடத்தில் மட்டன் பிரியாணியும் கையுமாக மாட்டிக்கொண்டேன். பார்த்தது பக்கத்து வீட்டு சேசுராசு. மறுநாள் பூசை முடிவதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். "என்னண்ணே, ஆடு மன்னிச்சிருச்சா?" என்று பால்காரர்கூடக் கேட்டார்.

அன்றிலிருந்து சமயம் பார்த்திருந்தேன். சாமியார் ஆகக் குருமடத்துக்குப் போன சேசுராசு மகன் படிப்பை விட்டுவிட்டு வந்துவிட்டான். லீவில் வந்திருக்கிறான் என்று அவர் ஊரை நம்பவைக்கிறார். அவர் சம்சாரம் என் சம்சாரத்திடம் சொல்லி அழுததால்தான் எனக்கே தெரியும்.

இன்று அவர் வீட்டில்தான் அன்பிய ஜெபம். ஜெபமாலை முழுக்க எனக்கு நாக்கு அரித்தது. மாதாவே, இந்த வாயைக் கட்டு என்று மாலையின் ஒவ்வொரு மணிக்கும் கெஞ்சினேன். மன்றாட்டு சொல்ல என் முறை வந்தது.

"குருமடத்திலிருந்து பிள்ளை திரும்பி வந்ததால் கலங்கி நிற்கும் ஒரு குடும்பத்துக்காக மன்றாடுவோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரும் பதில் சொன்னார்கள். சேசுராசுக்கு மட்டும் வாய் வரவில்லை. அப்போது உள்ளே இனித்தது, பொய் சொல்லமாட்டேன்.

"அந்தக்கா என்னைய நம்பித்தானே சொன்னாக," என்றாள் சம்சாரம், வீட்டுக்கு வந்ததும்.

"நான் பேரைச் சொன்னேனா?"

திரும்பிப் படுத்துவிட்டாள்.

சத்தியமாகப் பேர் சொல்லவில்லை. சோதனையை ஜெபத்தால் ஜெயித்தேன் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் அன்பியத்தில் குருமடத்துக்குப் பிள்ளையை அனுப்பியது அந்த ஒரு வீடுதான்.