வேலியில் விட்ட பொட்டு

துணுக்காய்
12.8.1959

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் சுகம். அம்மாவின் முழங்கால் நோ குறைந்ததா?

இங்கே வந்ததும் எங்கள் ஊர் வழக்கப்படி காணியைச் சுற்றி இறுக்கமாக வேலி அடைத்தேன். போன கிழமை காய்ச்சல். படலை திறக்கவும் எழும்ப முடியவில்லை. பக்கத்துக் காணி மீராசாகிபு வேலியைப் பிரித்து, கஞ்சியோடு வந்தார்.

"தம்பி, இந்த வேலி யானைக்கோ, எங்களுக்கோ?" என்றார்.

அவர் வீட்டுக் கஞ்சியைக் குடித்தேன். அம்மாவிடம் சொல்லவேண்டாம்.

பிரித்த இடத்தை நான் அடைக்கவில்லை. பின்னேரங்களில் அந்த வழியால்தான் கதைக்க வருகிறார். பனங்கட்டி அனுப்பினால் அவருக்கும் சேர்த்து அனுப்புங்கள்.

தபால்காரர் நிற்கிறார். ஐயா, பக்கத்து வளவில் இருக்கும் பெரியையாவோடு நீங்கள் கதைக்காவிட்டாலும் பரவாயில்லை. இம்முறை அந்தப் பக்க வேலி அடைக்கும்போது ஆள் நுழைய ஒரு பொட்டு விடுங்கள். அம்மா தனியே இருக்கும்போது விழுந்தால் அவர்கள்தானே வரவேண்டும்.

உங்கள் மகன்,
கதிரித்தம்பி