பெரிய தொரை சரி என்றார்

மேல் டிவிசன்,
ராகலை.

அன்பு மகன் சுமனுக்கு அம்மா எழுதுவது,

நீ அந்த வெயிலில் கருகாமல் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் இங்கே பனியில் நடுங்கினாலும் குறை சொல்லும்படி ஒன்றுமில்லை, அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, வாய்தான் இன்னும் விடவில்லை. தினமும் போனில் முகம் பார்க்கிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நீ யோசிப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டுகிறார், நானும் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்டு வைத்துவிடுகிறேன். நம் லயத்து வரிசையில் அடுத்த வீட்டுக் கஜேந்திரன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் தேயிலைப் பக்கெட்டோடு இதையும் கொடுத்து விடுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. விஷயம் உன் காரைப் பற்றியது. கார் நன்றாக இருக்கிறது, அதுதான் பிரச்சினை.

அடியிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும், தெரிந்த கதைதானே என்று தள்ளிவிட்டுப் போகாதே. வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓட்டிவிடுங்கள் என்று நீ சொன்னதைக் கேட்டு அப்பா உன் ஜப்பான் காரைக் கந்தப்பளைப் பக்கம் ஏற்றினார் அல்லவா, அன்றைக்குத்தான் எஞ்சின் புகைந்து போனது. சூடு காட்டும் முள் மேலே மேலே போனதைப் பார்த்து, மேட்டில் கார் நன்றாக ஏறுகிறது, அதைத்தான் முள் காட்டுகிறது என்று நினைத்தாராம். ஆயுசு முழுக்க ஓட்டோ ஓட்டியவருக்கு முள்ளைப் பற்றி என்ன தெரியும். பிறகு நாங்கள் இரண்டு பேரும் மர்சூக் கராஜுக்குப் போனோம். அங்கே இரண்டு எஞ்சின் இருந்தது. ஒன்று உன் காரில் இருந்ததைப் போலவே சின்னது. மற்றது டர்போ வைத்த பெரியது, மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு, யாருக்கும் வணக்கம் சொல்லாத மாதிரி இருந்தது. அப்பா அதைப் பார்த்ததும், தோட்டத்து மனேஜரையும் அவருக்குக் கீழே உள்ளவரையும் சொல்கிற மாதிரி, "இவரு பெரிய தொரை, பக்கத்துல நிக்கிறவரு சின்ன தொரை" என்றார். கராஜே சிரித்தது. அன்றிலிருந்து மர்சூக்கும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டார்.

மர்சூக் பொய் சொல்லி விற்கிற ஆள் இல்லை, இரண்டு பக்கமும் சொன்னார். "அக்கா, சின்ன தொரைன்னா அப்படியே போயி உக்காந்துருவாரு, போல்ட்டு மொதக்கொண்டு பழைய எடத்துலயே விழும். பெரிய தொரைன்னா கியர்பாக்ஸ், ரேடியேட்டர், பிரேக்கு எல்லாத்தையும் சேத்து மாத்தணும், மூக்குப் பக்கம் பாரமும் கூடும். ஆனா ஒண்ணு, மலையில காத்து மெலிசு, எஞ்சினுக்கு மூச்சு வாங்கும், டர்போ இருந்தா காத்தப் புடிச்சு உள்ள திணிச்சிரும்" என்றார். காற்று மெலிசு என்றால் நாங்கள் எல்லாரும் எதை இழுத்து உயிரோடு இருக்கிறோம் என்று நான் கேட்டேன். நீயோ அங்கிருந்து டர்போ டர்போ என்று ஒற்றைக் காலில் நின்றாய், சின்ன எஞ்சின் போட்டால் ஏப்ரலில் வரமாட்டேன், கொண்டிராக்டை நீட்டிக்கொண்டு இங்கேயே கிடப்பேன் என்று மிரட்டினாய். வராமல் போனால் என் வயிறு எரியும், வந்து அந்தப் பெரியதில் ஏறினால் என் உயிரே போகும், நான் என்னதான் செய்வது சொல்லு. போன தடவை கொண்டைஊசி வளைவில் சறுக்கிக் கதவை நசுக்கிவிட்டு, மாடு முட்டியது என்று சொன்னாயே, அந்த மாட்டின் கொம்பிலிருந்து கதவில் ரோட்டுக் கட்டையின் மஞ்சள் பெயின்ட் எப்படி ஒட்டியது என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. எங்களுக்கு நீ ஒரு பிள்ளை. இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. கடைசியில் நீயே இறங்கி வந்து, சரி அம்மா, சின்னதையே போடுங்கள், ஏப்ரலில் வருகிறேன் என்றாய். அன்றைக்கு நான் கோயிலுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோய் வைத்தேன்.

இனிதான் உனக்குத் தெரியாதது. கார் வீட்டுக்கு வந்தால் நிறுத்த லயத்துக் கோடியில் ஒரு தகரக் கொட்டகை போடலாம் என்று அப்பா சொன்னார். தோட்டத்து நிலம் அல்லவா, ஆபீசில் கேட்காமல் ஒரு கம்பு ஊன்ற முடியாது. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் என்னை நம்பிப் பிள்ளைக்காம்பராவில் விட்டுப்போகிற குழந்தைகளைப் போட்டுவிட்டு நான் போக முடியுமா, ஒன்று தூங்கினால் ஒன்று எழும்பும். அதனால் உன் வீரம்மா அத்தையை அனுப்பினேன். அவள் நேரே ஆபீசில் இருக்கிற நிஜப் பெரிய தொரையிடமே போய்ப் பேசி அனுமதி வாங்கிவிட்டாள், அந்தச் சந்தோஷத்தில் என்னைத் தேடி நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நான் இல்லை, நான் மறந்து வைத்துவிட்டுப் போன போன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தாள். மறுமுனையில் மர்சூக். "என்ன மாதிரிக்கா, பெரிய தொரையா சின்ன தொரையா?" என்று கேட்டிருக்கிறார். கராஜில் நடந்த பெயர் சூட்டு விழாவுக்கு அத்தை வரவில்லையே, அவளுக்கு என்ன தெரியும். கொட்டகை கட்டுகிற ஆள், அனுமதி யாரிடம் வாங்கினாய் என்று கேட்கிறான் என்று நினைத்து, "சின்ன தொரைகிட்ட எல்லாம் நான் எதுக்குப் போறேன், பெரிய தொரைதான். அவரு சரின்னுட்டாரு, நாளைக்கே வேலயத் தொடங்குங்க" என்று அதிகாரமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். சாயங்காலம் என்னிடம் கொட்டகை அனுமதியைச் சொன்னவள், கொட்டகை கட்டுகிற ஆள் போனில் பேசினான், நாளைக்கே வரச் சொல்லிவிட்டேன் என்றாள். நான் அவளுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

கொட்டகை கட்டுகிற ஆள் ஒருவனும் வரவில்லை. மர்சூக் மட்டும் சொன்ன சொல் தவறாமல் அடுத்த நாளே தொடங்கி, காரின் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் நம்பர் மாற்றுகிற அலைச்சல் வரை தன் தலையில் போட்டுக்கொண்டு முடித்துவிட்டார். காரைக் கொண்டுவரப் போன அப்பா ஒன்றும் பேசாமல் வந்தார், கார்தான் பேசியது. அது லயத்து வாசலில் வந்து உறுமியதில் பிள்ளைக்காம்பராவில் அத்தனை குழந்தைகளும் ஒரே நேரத்தில் அலறின, நான் ஹெலிகொப்டர் இறங்குகிறது என்று வெளியே ஓடினேன். அப்பா முன் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே பெரிய தொரை கால்மேல் கால் போட்டுக்கொண்டிருந்தார். நான் அப்படியே போனை எடுத்து மர்சூக்கைக் கிழித்தேன். "நீங்கதானேக்கா பெரிய தொரைன்னு சொன்னீங்க, அதட்டி வேற சொன்னீங்க" என்று அவர் அழாத குறை. விசாரித்து விசாரித்து அத்தையில் வந்து நின்றபோது அவள், "பெரிய தொரைய பெரிய தொரைன்னு சொல்லாம வேற எப்பிடிச் சொல்றது, எஞ்சினுக்குப் பேரு வச்சவரக் கேளு" என்று பாய்ந்தாள். பெயர் வைத்தவர் அந்த நேரத்தில் வெற்றிலை வாங்கப் போய்விட்டார். சரி, இதைக் கழற்றிவிட்டுச் சின்ன தொரையைப் போடுங்கள் என்றேன். சின்ன தொரை மாற்றலாகிப் பட்டிப்பொலவுக்குப் போய்விட்டாராம், அங்கே ஒரு மரக்கறிக்காரர் வாங்கிக்கொண்டார். யானையை வாங்கிய பிறகு அங்குசத்துக்கு யோசிக்கக் கூடாது என்று நல்ல பிரேக்காகப் போட்டுத்தான் காரை வெளியே விட்டார் மர்சூக், அந்த ஒரு புண்ணியத்துக்காக அவரை மன்னித்தேன்.

அடுத்த கிழமை எனக்கு நுவரெலியாவில் பிரஷர் கிளினிக். பஸ்சில் போகிறேன் என்றால் அப்பா கேட்கவில்லை, மெதுவாகக் கூட்டிப்போகிறேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். தன் தலையில் அடித்திருக்க வேண்டும். ராகலை டவுன் தாண்டும் வரை நல்ல மனிதராகத்தான் இருந்தார். அதன் பிறகு முன்னால் ஒரு பஸ், ஓட்டோவில் இத்தனை வருஷமாக அந்தப் புகையைக் குடித்துக் குடித்துப் போனவர், ஒரு மிதி மிதித்தார் பார், எங்கேயோ உஸ்ஸ் என்று ஒரு சத்தம், என் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது, பஸ் பின்னால் எங்கோ பொம்மையாக நின்றது. நான் முருகனில் தொடங்கி முனியாண்டி வரை ஒருவரையும் விடாமல் கூப்பிட்டேன். உன் அப்பா சிரிக்கிறார். கல்யாண போட்டோவில்கூட சிரிக்காத மனிதர் சுமன். வளைவில் பொலிஸ்காரர் ஒருவர் கை காட்டி, ரேஸுக்கா போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார், இல்லை மாத்தையா, பிரஷர் பார்க்கப் போகிறோம் என்று அப்பா சொன்னதும் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே போகச் சொன்னார். கிளினிக்கில் பிரஷர் எங்கேயோ நின்றது. கருவாடு தின்றீர்களா என்று நர்ஸ் கேட்டாள். இல்லை, டர்போ என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். ஒரு விளையாட்டுச் சாமானுக்கு இரண்டு பிள்ளைகள் அடித்துக்கொண்டால் அதை யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைப்பதுதான் பிள்ளைக்காம்பரா சட்டம். எனக்கு உன் மேல்தான் பயம் இருந்தது, இப்போது உன் அப்பாவின் மேலும் வந்துவிட்டது, இந்த வீட்டில் ஆம்பிளைக் கால் எதுவும் அந்தப் பெடலுக்கு ஆகாது. ஆனால் நிறுத்தியே வைத்தால் இந்தப் பனிக்குத் துருப்பிடித்துப் போகும், நீ வந்து பார்த்து நொந்துகொண்டே திரும்பிப் போவாய். நான் நன்றாக யோசித்தேன். எஞ்சினில் ஒரு பிழையும் இல்லை, மிதிக்கிற காலில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் நுவரெலியாவில் ஷாமிலா என்ற பிள்ளை கார் பழக்குகிறாள், அவளிடம் சேர்ந்துவிட்டேன். எழுத்துப் பரீட்சை பாஸ். தொட்டில் ஆட்டுகிற வேலை இல்லை இது என்று அப்பா சிரித்தார், தொட்டில் ஆட்டிய கால் என்பதால்தான் கிளச் இவ்வளவு பதமாக வருகிறது என்று ஷாமிலா சொல்கிறாள். ஓட்டிக் காட்டுகிற ட்ரையல் மார்ச் கடைசியில். அப்பா இப்போது சிரிப்பதை விட்டுவிட்டு, காரைக் கழுவித் தருகிறேன், ஒரு ரவுண்டு என்று கெஞ்சுகிறார், நான் அசையவில்லை.

பெரிய எஞ்சின் கிடைத்துவிட்டது என்று அங்கே குதிக்காதே, குதிப்பாய் என்று தெரியும். நீ கேட்டது நடந்துவிட்டது, இனி நான் கேட்டது நடக்க வேண்டும், ஏப்ரலில் வந்து சேர். கொண்டிராக்ட் பேச்சை எடுத்தால் காரை வீரம்மா அத்தைக்கு எழுதிவைப்பேன். தண்ணீர் நிறையக் குடி, கஜேந்திரனிடம் தேயிலையைக் கேட்டு வாங்கு, அவன் மறந்த மாதிரி இருப்பான். வரும்போது எனக்கு அடி தட்டையான சப்பாத்து ஒரு சோடி வாங்கி வா, செருப்பு பெடலில் வழுக்குகிறது. முருகன் உன் கூடவே இருப்பான், கைகாலுக்கு ஒரு குறையும் வராமல் என் கண் முன்னால் வந்து நில், அது போதும் எனக்கு. நானுஓயா ஸ்டேசனில் இறங்கியதும் அப்பாவின் ஓட்டோவைத் தேடாதே. வாசலில் உன் சிவப்புக் கார் நிற்கும், அப்பா இடப்பக்கத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பார், நீ பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் அடங்கி உட்கார், வழியில் எனக்கு ஓட்டச் சொல்லித்தர வேண்டாம்.

என்றும் உன் அம்மா,
சண்முகவடிவு