முதுகுப் பக்கத்து ஊக்கு

இன்று காலை மருமகள் என் தோளுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, ஊக்கை நெஞ்சுப் பக்கம் குத்தினாள். "நக்கோ, அங்க வேணாம், முதுகுல குத்தும்மா" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? தைல வாசனையோடு உன் நினைப்பும் வந்துவிட்டது. அதன் பிறகு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

எண்பதுகளில் நம் தொழிற்சாலை மருந்தகத்தில் நீ கம்பவுண்டர், நான் லேத் ஓட்டுகிறவன். ஹுசேன் சாகர் ஏரியில் ஞாயிறுதோறும் கயாக் படகு விட்டுப் பழகிய எனக்கு, இமயமலையில் ஒரு ஏரியைத் தனியாகக் கடக்க வேண்டும் என்று பித்துப் பிடித்திருந்தது. இடது தோள் இரண்டு முறை கழன்று சேர்ந்த தோள். டாக்டர் தகுதிச் சீட்டு தர மறுத்தார். நானும் கூடப் போகிறேன், இவன் கை என் பொறுப்பு என்று சொல்லி நீதான் வாங்கித் தந்தாய். ஏதாவது ஆகி உங்கள் வேலை போனால் பிள்ளைகள் கதி என்ன என்று மெட்டுகுடா வீட்டில் உன் மனைவி கேட்டபோது, நானும் அங்கேதான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

இமயமலை போய்ச் சேர்ந்ததும், ஏரிக்கரையில் என் மேல்கையை விலாவோடு சேர்த்துக் கட்டினாய். ஊக்கை முதுகுப் பக்கம் குத்தினாய். கட்டை அவிழ்த்தெறிந்துவிட்டு மெஷினுக்கு ஓடும் ஆட்களுக்காக நீ கண்டுபிடித்த வழி அது. "மெதுவாப் போ. கட்டுல மட்டும் கை வைக்காதடா" என்றாய்.

படகு பாறைத் திருப்பத்தைத் தாண்டி, கரையில் நின்ற நீ மறைந்ததும், கட்டைச் சுற்றி இழுத்து ஊக்கை முன்னால் கொண்டுவந்து அவிழ்த்தேன். துடுப்பை நன்றாக வீச முடியவில்லை என்று அவ்வளவு அவசரம். நடு ஏரியில் எதிர்காற்று. ஓங்கி ஒரு வீச்சு வீசினேன், தோள் கழன்றது. கத்தினேன், கேட்க ஆளில்லை. உன் வீட்டுக் கட்டிலில் நீ செய்து காட்டியபடி ஒரு காலை மடக்கி, முழங்காலை இரு கையாலும் கோத்துப் பிடித்து, மெல்லப் பின்னால் சாய்ந்தேன். மூன்றாவது முறை எலும்பு உள்ளே போனது. மறுபடி கட்டிக்கொண்டு, வலது கையால் மட்டும் துடுப்பைத் தள்ளித் தள்ளித் திரும்பினேன். பாதி தூரம் காற்றேதான் கொண்டுவந்து விட்டது.

"காத்து ஜாஸ்தி, திரும்பிட்டேன்" என்றேன். வேறொன்றும் இல்லையே என்று கேட்டாய். இல்லை என்றேன். நீ என் நெஞ்சைப் பார்த்தாய். ஊக்கு அங்கே இருந்தது. அதைக் கழற்றி, மறுபடி முதுகுப் பக்கம் குத்திவிட்டு, "டீ ஆறுது, குடி" என்றாய்.

அதற்கப்புறம் எத்தனை வருஷம் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போனோம். நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. ஓர் அறை விட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போன வருஷம் ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் பேசிவிட்டு வந்தேன். அதுதான் கடைசி.

நான்தான்டா அவிழ்த்தேன். உன் வேலையையும் சேர்த்துத்தான் அவிழ்த்தேன்.

மருமகள் ஊக்கை மாற்றிக் குத்திவிட்டாள். கட்டு இறுக்கமாக இருக்கிறது, தோள் கடுக்கிறது. சுற்றி இழுத்து முன்னால் கொண்டுவர இப்போதும் தெரியும். கை வைக்கவில்லை.