சைபர் காட்டிய மீட்டர்

அக்டோபர் 7, 2024, திங்கள்

இன்றைக்குத்தான் மீட்டரைக் கையில் கொடுத்தார்கள். இத்தனை நாள் கம்பெனி கேன்டீனில் பெருக்கிக்கொண்டிருந்தேன். பெயின்ட் தின்னர் கழிவு போய் விழுகிற தொட்டியை வருஷத்துக்கு ஒரு தடவை, தீபாவளி லீவில்தான் கழுவுவார்கள். ஆள் இறங்குவதற்கு முன்னால் மீட்டரைக் கயிற்றில் கட்டி அடிவரைக்கும் விட்டு, ஆவி எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். பத்துக்கு மேலே போனால் கத்தும். யாரும் இறங்கக் கூடாது.

போன வருஷம் என் வீட்டுக்காரர் சாம்சன் இறங்கிச் செத்த அதே தொட்டி. வேலை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அங்கே போய் நிற்க வேண்டும் போல இருந்தது.

நான் அஞ்சாவதுதான். எழுதிக் கை பழகட்டும் என்று சேஃப்டி மேடம் இந்த டைரியைக் கொடுத்தார்.

அக்டோபர் 8

காலி டிரம்மில் இறக்கிப் பழகினேன். சைபர். சைபர். சைபர்.

அக்டோபர் 9

பாபு எதிரில் வந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சாம்சனோடு ஒரே பைக்கில் வேலைக்குப் போனவன். அன்றைக்கு மீட்டர் பிடித்தவனும் அவன்தான். "மீட்டர்ல சைபர்தான் சார் இருந்துச்சு. அண்ணன் குடிச்சிட்டு எறங்கியிருக்கும்" என்று போலீஸில் சொன்னான். அப்படியே எழுதிவிட்டார்கள்.

ஈஸ்டரோடு குடியை விட்ட மனுஷன் அவர். யார் கேட்டார்கள்? அடக்கத்தில் பாஸ்டர்கூடக் குடியின் கேட்டைப் பற்றித்தான் பேசினார். எங்கள் ஊர் மண்ணூரில் இன்னும் அப்படித்தான் பேச்சு.

அக்டோபர் 10

நாளைக்கு லீவு என்பதால் இன்றைக்கே ஆயுத பூஜை போட்டார்கள். ஸ்பேனர், ஏணி, ஃபேன் எல்லாவற்றுக்கும் பாபுதான் சந்தனம் குங்குமம் வைத்தான். என் மேசைக்கும் வந்தான். மீட்டரின் நெற்றியில், சல்லடை மாதிரி இருக்கிற இடத்தில், பெரிய பொட்டு.

"இதுக்கு இல்லாமயா அண்ணி? நம்ம உசுரே இதுலதான் கீது."

பொரி மட்டும் வாங்கிக்கொண்டேன். சாம்சனும் வாங்கிவந்து என்னிடம் கொடுப்பார்.

நவம்பர் 1, வெள்ளி

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் தொட்டி மூடியைத் திறந்தார்கள். தொண்டை எரிந்தது. கண்ணில் தண்ணீர். மீட்டரை அடிவரைக்கும் விட்டேன். சைபர். மறுபடியும் விட்டேன். சைபர்.

"மேடம் லீவு, கேக்க முடியாது. நீ எழுது," என்றார் சூப்பர்வைசர் திருமலை.

"நாத்தம் கொடலப் புடுங்குது சார்."

"மீட்டர வுட உன் மூக்கு பெருசா? ஆளுங்க நிக்கிறாங்க பாரு."

இந்த வருஷம் இறங்குகிறவன் பாபு. பெல்ட் மாட்டி ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டான். எனக்கு என்ன தோன்றியதோ — தின்னர் துடைத்த துணியை எடுத்து மீட்டர் மேலேயே போட்டேன். அப்போதும் சைபர்! அப்புறம்தான் அந்தப் பொட்டைப் பார்த்தேன்.

"எறங்காத பாபு! டேய், ஏறுடா மேல!"

புடவை ஊக்கால் சுரண்டினேன். மேலே புதுசு, லேசாகப் பெயர்ந்து வந்தது. அதற்குக் கீழே இன்னொரு பொட்டு. கல் மாதிரி இறுகி, ஆவி உள்ளே போகிற சல்லடை ஓட்டையெல்லாம் அடைத்து. அது போன வருஷத்துப் பொட்டு. அது உதிர்ந்ததும் மீட்டர் கத்த ஆரம்பித்தது. மறுபடியும் தொட்டிக்குள் விட்டேன். அறுபத்துநாலு.

மேலே ஏறிவந்த பாபு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான்தான் வெச்சேன் அண்ணி. போன வருசமும் நான்தான் வெச்சேன்."

மீட்டர் சைபர், அப்போ ஆள்தான் குடித்திருக்க வேண்டும் — அவன் அப்படி நினைத்திருக்கிறான். பொய் சொல்லவில்லை. ஐயோ, சாம்சன்... நீ குடிக்கலன்னு தெரியும்யா எனக்கு. ஆனா நீ ஏன் செத்தேன்னு இன்னிக்குத்தான் தெரியுது.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். அவருக்கு முதல் திருநாள். சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினேன். பாபு வந்தான். கேட்டுக்கு வெளியே ரொம்ப நேரம் நின்றான். உள்ளே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

நவம்பர் 4

என் மேசையில் புது மீட்டர். பழசு எங்கே என்று கேட்டேன். "எந்தப் பழசு?" என்கிறார் திருமலை.

இனி பாபுவின் வாய் ஒன்றுதான் சாட்சி.

நவம்பர் 6

பாபுவின் வீட்டுக்கே போனேன், பென்னலூருக்கு. அவன் பெண்சாதி காபி கொடுத்தாள். குடிக்கவில்லை.

"பொட்டு வெச்சத போலீஸ்ல எழுதிக் குடுத்தா என்னை உள்ள வெச்சிடுவாங்களா அண்ணி?"

"தெரியாது."

"நீ இன்னா சொல்ற?"

"போலீஸ்ல அவர் பேர் பக்கத்துல குடிகாரன்னு கீது. நீ சொல்லித்தான் எழுதுனாங்க."

வந்துவிட்டேன்.

நவம்பர் 8

பாபு வேலைக்கு வரவில்லை.

நவம்பர் 11, திங்கள்

அவர் போய் இன்றோடு ஒரு வருஷம்.

காலையில் பாபு வாசலில் நின்றான். சனிக்கிழமையே போலீஸிலும் தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீசிலும் எழுதிக் கொடுத்துவிட்டானாம். பொட்டு வைத்தது, சைபர் பார்த்தது, குடித்ததாகச் சொன்னது, எல்லாம். கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நேற்றே அவனுக்கு வேலை இல்லை என்று திருமலை போன் செய்துவிட்டார். எனக்கும் இன்றைக்கு அதே போன்.

கல்லறைக்கு நான் நடந்தேன். பின்னாலேயே வந்தான். இந்தத் தடவை உள்ளே வந்தான். பக்கத்துக் கல்லறையில் ஆட்கள் இருந்தார்கள், ஊர்க்காரர்கள்தான். அவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"அண்ணே, நீ குடிக்கலண்ணே."

மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை. அந்த வார்த்தை வரவும் இல்லை. நான் ஏற்றிய மெழுகுவர்த்தி காற்றில் அலைந்தது. அணையாமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்தான். அது தீர்கிற வரைக்கும் நானும் நின்றேன்.