மிஷின் அவருக்கு, வண்டி எனக்கு

ஜூன் 10, 2024

இன்றைக்கு மறுபடியும் போட்டோ. தொண்டு நிறுவனத்திலிருந்து கலைமகள் வந்தாள். அவர்கள் எனக்குக் கொடுத்த தையல் மிஷினில் நான்தான் தைக்கிறேன் என்று மாதம் ஒருமுறை படம் எடுத்துப் போக வேண்டும். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, குடும்பத்தையே தாங்குகிற பெண்ணின் முகத்தை வைத்தேன். இப்போதெல்லாம் அந்த முகம் எனக்குச் சுலபமாக வருகிறது.

அவள் போனதும் இவர் சமையலறைத் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த படத்தைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். ஊசியில் நூலே இல்லையாம்.

ஜூன் 13

பொய்யைச் சொல்கிறவளுக்கு ஞாபகம் வேண்டும். அதனால் உண்மையை இங்கே எழுதி வைக்கிறேன்.

மில் மூடியபிறகு இவர், அதாவது என் வீட்டுக்காரர் சகாயநாதன், நாலு சக்கர லோடு ஆட்டோ ஓட்டினார். மாதா கோயில் திருவிழாவுக்கு நாற்காலி இறக்கும்போது வண்டியிலிருந்து விழுந்து கால் உடைந்தது. பெரியாஸ்பத்திரியில் பிளேட் வைத்து அனுப்பினார்கள். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் என் மிஷினைத் தொட்டார். முதலில் தலையணை உறை. பிறகு சுடிதார். இப்போது எங்கள் மூலக்குளத்தில் பாதி ஜாக்கெட் அவர் கையில்தான். நானும் பயிற்சிக்குப் போனவள்தான். ஒரு ஜாக்கெட்டின் இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்தேன், அதோடு ஆசை விட்டது.

வண்டி மட்டும் வாசலில் நின்றது. இதே நிறுவனம் சில வருஷத்துக்கு முன்னால் பெண்களுக்கு டிரைவிங் சொல்லிக்கொடுத்தது. எங்களுக்கு லைசென்ஸ் வந்தது, வண்டி வருவதற்குள் திட்டம் முடிந்துவிட்டது. லைசென்ஸ் பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் கிடந்தது. எடுத்தேன். சாவியையும் எடுத்தேன்.

இதில் குற்றம் ஒன்றே ஒன்றுதான். மிஷினை மகளிர் குழுவில் இருக்கிற பெண்தான் ஓட்ட வேண்டும், ஆம்பளை தொட்டால் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும் என்பது நிறுவனத்தின் விதி.

தெருவில் எல்லாரும் நான் பகலில் வண்டி ஓட்டி, வீட்டுக்கு வந்து தைக்கிறேன் என்று நினைக்கிறார்கள். போன ஞாயிறு பங்குச்சாமி பிரசங்கத்தில் என்னை உதாரணம் காட்டினார். ஆண்கள் பக்கத்தில் இவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

ஜூன் 22

வண்டியில் நோணாங்குப்பத்துக்கு ஒரு நடை. எங்கள் குழு அஞ்சலாட்சியின் முறுக்கு டின்களைப் படகுத்துறைக் கடைகளில் இறக்கினேன். திரும்பும்போது ரூபியின் பினாயில் கேன்களை ஒரு லாட்ஜில் இறக்கினேன்.

எங்கள் குழுவில் ஆளுக்கொரு பயிற்சி. முறுக்கு, பினாயில், மெழுகுவர்த்தி, ஊறுகாய். செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள், உண்மையிலேயே நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். செய்ததைக் கடைக்கு எப்படிக் கொண்டுபோவது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் ரூபி வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வருஷக்கணக்காகப் பினாயில் நின்றது. கட்டிலில் படுத்தால் ஆஸ்பத்திரி வார்டு வாசம். இப்போது கட்டிலடி காலி.

ஜூலை 2

டாக்டர் எக்ஸ்ரே பார்த்தார். எலும்பு கூடிவிட்டது, அடுத்த மாதம் வண்டி ஓட்டலாம் என்றார்.

சந்தோஷம்தானே? சந்தோஷம்தான். ஆனால் கால் வந்தால் சாவி போகும். அப்புறம் நான் எங்கே போவேன்? திரைக்குப் பின்னால், அடுப்புக்கு முன்னால்.

அவர் கால் சீக்கிரம் குணமாக வேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொல்கிறேன். கடைசியில் ஒரு வரி நானாகச் சேர்த்துக்கொள்கிறேன்: அவசரம் ஒண்ணும் இல்ல, மாதாவே.

ஜூலை 15

கலைமகள் போன். பிரான்சிலிருந்து ஒரு மதாம் வருகிறாராம், இந்த மிஷின்களுக்கெல்லாம் உதவியவர். நம் வீட்டுக்குத்தான் முதலில் கூட்டிவருவாளாம், நான்தான் சிறந்த பயனாளியாம்.

இவர் சொன்னார், இந்தத் தடவை நூலாவது கோத்து வை என்று.

ஜூலை 19

குட்டு உடைந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை இவ்வளவு நாள் ஓடியதே பெரிது.

மதாம் நல்லவர். எழுபது வயதிருக்கும். பருத்திப் புடவை கட்டிக்கொண்டு, நான் கொடுத்த காப்பியை முழுசாகக் குடித்தார். போட்டோ முடிந்தது. கிளம்பும்போது அவர் துணிப்பையின் கைப்பிடி பிய்ந்துவிட்டது. சிரித்துக்கொண்டே என்னிடம் நீட்டினார்.

வேறு வழி? உட்கார்ந்தேன். மிதித்தேன். மிஷின் ஒரு மாதிரி கத்தியது. திரைக்குப் பின்னால் ஒரு இருமல். மறுபடி மிதித்தேன். அடியில் நூல் கொத்தாகச் சுருண்டது. திரைக்குப் பின்னால் ஒரு முனகல். நான் விடவில்லை, இன்னும் வேகமாக மிதித்தேன். ஊசி டக்கென்று உடைந்தது.

திரை விலகியது. கழுத்தில் டேப், காதில் பென்சில், கையில் கைத்தடி.

"செல்வி, ஏந்திரு. மிஷின் அழுவுது."

ஊசி மாற்றினார், பாபினைச் சரியாகப் போட்டார், கைப்பிடியை இரட்டைத் தையலாகப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து மதாமிடம் கொடுத்தார். அதற்கப்புறம்தான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கே உறைத்தது. கலைமகள் முகத்தில் ரத்தமே இல்லை.

மதாம் கைதட்டினார். இவர் தைக்கிறார் என்றால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். டிரைவர் என்றேன். அதைக் கலைமகள் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். மதாம் உடனே எழுந்து, வண்டி எங்கே என்றார். முறுக்கு டின்களோடு நோணாங்குப்பம் வரை முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் ஹாரன் அடிக்க அவருக்கு ஆசை. அடிக்க விட்டேன்.

ஜூலை 29

மதாம் சிரித்தால் விதி சிரிக்குமா? நிறுவனத்தில் கூட்டம் போட்டுக் கலைமகளைத் திட்டியிருக்கிறார்கள். இன்றைக்குக் கண் சிவந்து வந்தாள். "அக்கா, நீங்க எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்" என்றாள். அதுதான் சுட்டது. என் விளையாட்டுக்கு அந்தப் பெண் வாங்கிக் கட்டிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டேன்.

மிஷின் வில்லியனூரில் இன்னொரு பெண்ணுக்குப் போகிறது. அதைச் சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தாள். எடுத்துப் போக ஒரு வண்டி வேண்டுமாம். எங்கள் வண்டியே போதும் என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மிஷினை நானே ஏற்றிப் போய் இறக்கினேன். ஏற்றும்போது இவர் பழைய துணியால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் 8

வீட்டில் சத்தமே இல்லை. மிஷின் இருந்த மூலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். என் பழைய புடவை ஓரத்தைக் கையாலேயே தைத்து முடித்துவிட்டார்.

ஆகஸ்ட் 12

இன்னைக்குச் சாவியை அவர் எடுத்துட்டாரு. கேக்கக்கூட இல்ல. கால் நல்லாயிடிச்சி, நான் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாரு. அது அவர் வண்டிதான், நான் என்னா சொல்றது? ஆனா இத்தினி நாள் ஓட்டினவ நான்தானே — என்னைப் பாத்து ஒரு வார்த்தை? அடுப்புல பாலைப் பொங்க வுட்டேன். வேணும்னேதான்.

ஆகஸ்ட் 13

நேற்று மதியமே திரும்பி வந்துவிட்டார். இன்றைக்கு ரூபி வந்து கதையைச் சொன்னாள். கேன் ஏற்றும்போது அவளை அதட்டினாராம். லாட்ஜில் எந்த வாசல் என்று தெரியாமல் சுற்றினாராம். படகுத்துறையில் கடைக்காரர்கள் எல்லாரும் டின்னை வாங்காமல் முதலில் கேட்டது, அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்றுதானாம்.

நான் இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று கடவுளுக்குத் தெரியும். மீன்குழம்பு வைத்தேன், தலைத்துண்டை அவருக்கே போட்டேன்.

ஆகஸ்ட் 26

காலையில் இவர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். இத்தனை நாளாக மறுபடி நான் ஓட்டிக்கொண்டிருந்தது இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். நைட்டியோடு வாசலில் நின்றேன்.

வண்டியைச் சுற்றிப் போய், இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். மடியில் கத்தரிக்கோல் இருந்த பை. ஜன்னல் வழியாகச் சாவியை நீட்டினார்.

"முத்தியால்பேட்டையில ஒரு தையக்கடையில சேந்துட்டேன். போய் எறக்கி வுட்டுட்டு நீ உன் வேலையப் பாரு. புடவைய மாத்திக்கினு வா, மொத நாளே லேட்டாவுது."